ஏழாவது பாடத்தில் நான் எழுதிய வரி

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி ஆபீஸிலிருந்து கேட்டபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்றுதான் சொன்னேன். விடவில்லை. சரி, எழுதுகிறேன். ஆனால் நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. இருபத்தாறு வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, தான் எழுதிய ஒரே ஒரு வரியை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் நான். அந்த வரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நாம் செய்வது பயிற்சிப் பாடம். ஒரு பேங்க்கிலோ ஆஸ்பத்திரியிலோ அரசாங்க அலுவலகத்திலோ வேலை செய்கிறவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அம்புக்குறியை அழுத்தி அழுத்திப் படித்து, கடைசியில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்களே, அது. என் மாமியார் கடைசிவரை நான் டீச்சர் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை. டீச்சராக இருந்திருந்தால் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததை மறுநாள் வகுப்பில் போய்த் திருத்தியிருக்கலாம்.

டெக்சாஸில், பிளானோவில் லெகசி ரோடு பக்கம் எங்கள் ஆபீஸ். டீமில் பன்னிரண்டு பேர், அதில் ஒன்பது பேர் தமிழ். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருடம் எங்களுக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு வேலை வந்தது. அங்கே ஊர் நிர்வாகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மாவோரி மொழியின் அடிப்படையும், மாவோரி மக்களின் பொதுவாழ்வும் சொல்லித்தர வேண்டும். மாவோரிகள் அந்த நாட்டின் ஆதிக்குடிகள். அவர்களோடு ஆலோசிக்காமல் நிலத்திலோ ஆற்றிலோ கை வைக்கக்கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆலோசிக்கப் போகிற அதிகாரிக்கு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாவிட்டால் எப்படி? அதற்குத்தான் இந்தப் பாடம். எட்டுப் பாடம், எட்டு மாதம்.

டெக்சாஸில் உட்கார்ந்திருக்கிற தமிழர்களுக்கு மாவோரி பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் பயந்தோம். ஆனால் முதல் வாரத்திலேயே பயம் போய்விட்டது. அந்த மொழியில் உயிர் ஐந்து. ஐந்துக்கும் குறில் நெடில் உண்டு. நமக்குச் சொல்லியா தர வேண்டும்? அரிச்சுவடியில் படித்ததோடு நாம் மறந்துவிட்ட ‘ங’ அங்கே சொல்லின் முதலிலேயே வருகிறது. வெள்ளைக்காரர்கள் நாக்கைச் சுருட்டிக்கொண்டு திண்டாடுகிற இடத்தில் எங்கள் டீம் பிள்ளைகள் ‘ஙா, ஙா’ என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். ஒருவருக்கு வணக்கம் சொல்ல ‘தேனா கோயே’, இருவருக்கு ஒரு விதம், மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் வேறு விதம். பெரியவர்களைக் கும்பிட்டுப் பேசுவது, சொந்தபந்தத்தை முன்னால் வைப்பது, சாவு வீட்டுக்குக் கட்டாயம் போவது, எல்லாமே நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே என்று நாங்கள் குளிர்ந்துபோனோம். காப்பி மெஷின் பக்கத்தில் நின்று, நமக்கும் அவர்களுக்கும் எங்கேயோ சம்பந்தம் இருக்கிறது என்று பேசாத நாளில்லை. அந்தப் பெருமைதான் எங்கள் கண்ணை மறைத்தது. மொழியின் ஓசை பிடிபட்டதும் மனிதர்கள் பிடிபட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டோம்.

எங்களுக்கு ஆலோசகராக இருந்தவர் அரோஹா. என் வயதுதான் இருக்கும், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மாவோரிப் பெண். எங்களுக்கு மாலை நான்கு மணி என்றால் அவருக்கு மறுநாள் காலை. வாரம் இரண்டு தடவை வீடியோவில் வருவார். முதல் நாள் நான் என் பெயரையும் பதவியையும் சொன்னேன். அவர் உடனே பெயரைச் சொல்லவில்லை. முதலில் தன் மலையைச் சொன்னார், பிறகு ஆற்றை, பிறகு தன் குலத்தை, குலத்தார் கூடும் இடத்தை. எல்லாம் முடிந்து கடைசியில்தான் பெயர். அந்த வரிசைதான் அவர்கள் வழக்கம். நீ யார் என்பதைவிட நீ எங்கே நிற்கிறாய் என்பது அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டும். உன் ஆறு எது என்று என்னைக் கேட்டார். பாளையங்கோட்டைக்காரி, தாமிரபரணி என்றேன். அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்துச் சரியாகச் சொன்னார். நான் அவர் ஆற்றின் பெயரைச் சொல்லிப் பார்க்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் ஊர் நிர்வாகம் ஆற்றங்கரையில் கழிவுநீர் பம்ப் ஸ்டேஷன் கட்டத் திட்டம் போட்டிருக்கிறது. குறித்திருக்கிற இடம் அவர்கள் குலத்தின் இடுகாட்டுக்கு அடுத்தாற்போல். அவர் அப்பா அம்மா, அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள். மலஜலம் ஓடுகிற குழாயும் முன்னோர் படுத்திருக்கிற மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நிர்வாகத்தார் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் தங்களோடு ஆலோசிக்க வரப்போகிறார்கள் என்றார். “அவங்க எப்படி வரணும், எப்படிக் கேட்கணும்னு உன் பாடம்தான் அவங்களுக்குச் சொல்லப்போகுது, கிறிஸ்டி” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. பாருங்கள், யாருக்கு என்ன போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

சாவுச் சடங்கு பற்றிய மூன்றாவது பாடத்தை நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். ‘தஙி’ என்பார்கள். இறந்தவரை மராய் என்கிற தங்கள் பொதுமனைக்குக் கொண்டுவந்து கிடத்துவார்கள். மூன்று நாள், சில சமயம் அதற்கு மேலும். உடலைத் தனியாக விடவே மாட்டார்கள். யாராவது பக்கத்திலேயே இருப்பார்கள். தூரத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் அந்த மனையில் வேறு எந்த வேலையும் நடக்காது, குறித்து வைத்திருந்த கூட்டம் எதுவானாலும் தள்ளித்தான் போகும். ‘தஙி நடக்கும்போது மற்றதெல்லாம் காத்திருக்கும்’ என்று ஒரு வாக்கியம் வைத்தேன். அரோஹா அதைப் படித்துவிட்டு, சரியாகச் சொல்லியிருக்கிறாய் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஏழாவது பாடம்தான் ஆலோசனைக் கூட்டம். அதிகாரிகள் மராய்க்கு எப்படிப் போக வேண்டும் என்பது. வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்து அழைப்பாள், அதன் பிறகுதான் கால் வைக்க வேண்டும். வரவேற்புப் பேச்சு, மூக்கோடு மூக்கு தொட்டு மூச்சைப் பகிர்வது, பிறகு சாப்பாடு. இதுவரை எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. படம் போட்டு, குரல் கொடுத்து, அழகாகச் செய்துவிட்டோம். அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அரோஹா எழுதி அனுப்பியிருந்தது நாலே வரி. போங்கள். கேளுங்கள். திரும்பி வாருங்கள். மறுபடி போங்கள்.

எங்கள் டெலிவரி மேனேஜர் சேகர் அதைப் பார்த்துவிட்டு என் க்யூபிக்கிளுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். அவரை வில்லனாக எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும், ஆனால் அது பொய். எங்கள் டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் படிப்படியாகச் செயல்முறை இருக்க வேண்டும், கடைசிப் படியில் வேலை முடிந்தது என்று டிக் போட ஒரு பெட்டி இருக்க வேண்டும். எத்தனை தடவை போவது, எப்போது முடிந்தது என்று எடுத்துக்கொள்வது என்று அரோஹாவைக் கேட்டேன். முடியும்போது முடியும் என்று சிரித்தார். அதை நான் பெட்டியில் போட முடியுமா?

அன்று மத்தியானம் உட்கார்ந்து நானே எழுதினேன். ‘கூட்டத்தில் மறுப்பு எதுவும் எழாவிட்டால், ஐந்து வேலை நாட்கள் காத்திருந்து, ஒப்புதல் எனப் பதிவு செய்க.’ எழுதி முடித்தபோது நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் நம் வேலை முழுக்க இந்த விதியில்தானே ஓடுகிறது? டாக்குமென்ட் அனுப்புவோம், அஞ்சு நாளில் பதில் வராவிட்டால் கிளையன்ட் ஒத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். கான்ஃபரன்ஸ் காலில் இருபது பேர் இருப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று மினிட்ஸில் எழுதிவிடுவோம். வாய் திறக்காதவர்களில் பாதிப் பேர் மியூட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுவோம். எழுதி எழுதி அது உலக வழக்கம் என்றே நம்பிவிட்டோம்.

வீட்டில் நாம் அப்படியா இருக்கிறோம்? பெண் பார்க்க வருகிறார்கள். உட்காரவைத்து பஜ்ஜி, கேசரி கொடுத்து, காப்பி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்புகிறோம். கலந்து பேசிட்டுச் சொல்றோம் என்கிறோம். அது சம்மதம் என்று எந்த மடையனாவது மண்டபம் பிடிப்பானா? இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆபீஸ் பேட்ஜை மாட்டியதும் அது எனக்கு மறந்துபோயிற்று.

ஏழாவது பாடத்தை ஒரு வெள்ளிக்கிழமை அரோஹாவுக்குச் சரிபார்க்க அனுப்பினோம். அவர் பதில் சொல்ல ஐந்து வேலை நாள். செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது. தஙியில் இருக்கிறேன், என் அண்ணன், திரும்பியதும் பேசுகிறேன். அவ்வளவுதான். அடுத்த வெள்ளியும் வந்துவிட்டது. எங்களிடம் டெஸ்டிங் பார்த்த நித்யா என் மேஜை பக்கத்தில் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது.

“அக்கா, ரிவியூ விண்டோ இன்னையோட முடியுது. ஆனா அவங்க ஃபியூனரல்ல இருக்காங்கனு மெயில் வந்திருக்கே. க்ளோஸ் பண்ணலாமா? நீங்கதானே மாட்யூல் த்ரீல எழுதியிருக்கீங்க, மத்ததெல்லாம் காத்திருக்கும்னு.”

அந்தப் பெண் கேட்டாள். அதை உங்களிடம் ஒளிக்கமாட்டேன். நான் சேகரிடம் போனேன். திங்கட்கிழமை பாடம் லைவ் போக வேண்டும். கிளையன்ட் அங்கே எல்லா ஊருக்கும் அறிவித்துவிட்டார்கள். ஒரு பாடத்தை நிறுத்தினால் மொத்த ரிலீஸும் நிற்கும். இந்த வேலை கையைவிட்டுப் போனால் டீமில் ஆறு பேருக்கு வேலை போகும். ஆறு பேரும் ஹெச்-ஒன்-பி விசாவில் இருக்கிறவர்கள். அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும். நித்யாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தி. சேகர் என்னிடம் உத்தரவு போடவில்லை. “நீங்கதான் கன்டென்ட் லீட், கிறிஸ்டி. நீங்க சொன்னா நிறுத்துறேன்” என்றார்.

நிறுத்தச் சொல்லவில்லை. நித்யாவிடம் திரும்பி வந்து, அஞ்சு நாள் குடுத்தாச்சு, க்ளோஸ் பண்ணிடு என்றேன்.  அவள் போய் க்ளோஸ் பண்ணினாள். அண்ணனை இழந்து, உடலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மௌனத்தை நாங்கள் கையெழுத்தாக எடுத்துக்கொண்டோம். பாடத்தின் முதல் பக்கத்தில் ‘பண்பாட்டு ஆலோசனையும் ஒப்புதலும்’ என்று போட்டு அவர் பெயர் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அரோஹா மெயில் போட்டார். ஏழாவது பாடத்தின் கடைசி வரி தவறு, தயவுசெய்து உடனே எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். கோபமே இல்லை. அண்ணனை அந்த இடுகாட்டில்தான் வைத்திருக்கிறோம் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துப் பதில் போட்டு, அவர் கேட்ட திருத்தத்தை அடுத்த ரிலீஸுக்கான பட்டியலில் சேர்த்தேன். அடுத்த ரிலீஸ் மூன்று மாதம் கழித்து. ஒரு வரியை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சேகரின் கையைப் பிடித்து இழுத்துவந்து இப்போதே எடுங்கள் என்று நின்றிருந்தால் சாயங்காலத்துக்குள் போயிருக்கும். முதல் தவறுக்காவது நெருக்கடி என்று ஒரு சாக்கு இருந்தது. இதற்கு அதுவும் இல்லை. லைவ் போய்விட்டது, எல்லாரும் கேக் சாப்பிட்டாயிற்று, மறுபடி அதைக் கிளற எனக்கு அலுப்பாக இருந்தது. உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். நெருக்கடியில் செய்த தப்பைவிட, அது ஓய்ந்த பிறகு அலுப்பில் விட்டதுதான் என்னைத் தின்கிறது.

அந்த மூன்று மாதத்துக்குள் நிர்வாகத்தார் அரோஹாவின் மராய்க்குப் போய்விட்டார்கள்.

அது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு அரோஹா என்னிடம் மட்டும் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். கான்ஃபரன்ஸ் ரூமில் தனியாக உட்கார்ந்தேன். அவர் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தார். கையில் ஒரு ஃபைல். அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கேமரா முன் பிடித்தார். எங்கள் பாடத்தின் பக்கம்தான், எங்கள் ஃபான்ட், எங்கள் பச்சை டிக். கடைசி வரியை நிதானமாக வாசித்தார்.

“இதை யார் எழுதினது?”

நான் பேச ஆரம்பித்தேன். டீமாக எழுதினது, ரிவியூவுக்கு அனுப்பினோம், அந்தச் சமயம் நீங்கள் இல்லை, அடுத்த ரிலீஸில் திருத்தம் இருக்கிறது என்று ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். அவர் குறுக்கிடவே இல்லை. நான் ஓய்ந்த பிறகு மறுபடி கேட்டார்.

“கிறிஸ்டி, இதை யார் எழுதினது?”

“நான்தான்” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு நடந்ததைச் சொன்னார். அதிகாரிகள் மூன்று பேர் வந்தார்கள். பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். வாசலில் நின்றார்கள், அழைப்பு வந்ததும் உள்ளே வந்தார்கள், உச்சரிப்புக்கூடச் சுத்தமாக இருந்தது. பம்ப் ஸ்டேஷன் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மண்ணைப் பற்றி எழுந்து பேச வேண்டியவர் அரோஹாவின் அண்ணன். அவர் இறந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் இடத்தில் இனி யார் எழுந்து பேசுவது என்று குலம் இன்னும் கூடிப் பேசவில்லை. அதுவரை இன்னொருவர் எழுந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் கேட்டுக்கொண்டார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள், நாங்கள் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு பெரியவர் சொல்லி அனுப்பினார். அதிகாரிகள் சந்தோஷமாகப் போனார்கள். ஐந்து வேலை நாள் காத்திருந்தார்கள். ஒப்புதல் என்று பதிவு செய்தார்கள்.

குலத்துக்கு விஷயம் தெரிந்தபோது ஆட்சேபிக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். நிர்வாகத்தார் ஒரு ஃபைலை எடுத்து வைத்தார்களாம். எங்கள் ஆட்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், மாவோரி ஆலோசகர் ஒப்புதல் தந்த பாடத்தின்படியே எல்லாம் செய்தார்கள், இதோ பெயர் என்றார்களாம். மராயில் எல்லாரும் கூடியிருந்தபோது குலத்தார் அந்தப் பக்கத்தை அரோஹாவின் கையிலேயே கொடுத்து, இது உன் பெயர்தானே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல முடியவில்லை, பெயர் அவருடையதுதான். நான் எழுதவில்லை என்று சொன்னார். யாரும் சண்டை போடவில்லை, திட்டவில்லை. அன்றிலிருந்து யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. வந்தவர்களை வாசலில் குரல் கொடுத்து அழைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். இப்போது வேறொரு பெண் அழைக்கிறாள். அண்ணனுடைய மண்ணைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்த ஜனமே நினைத்துக்கொண்டிருக்கும்போது எந்த வாயால் நான் கூப்பிடுவது என்று கேட்டார். அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

அன்று சாயங்காலமே அந்த வரி பாடத்திலிருந்து போய்விட்டது. அவர் பெயரையும் எடுத்தோம். இருபது நிமிட வேலை. சேகர் முகம் செத்துப்போயிற்று. கம்பெனி லீகலிடமிருந்து ஒரு மெயில் வந்தது, இது பற்றி வெளியே யாருக்கும் எழுத்தில் எதுவும் ஒத்துக்கொள்ளக்கூடாது என்று. பம்ப் ஸ்டேஷன் வந்துவிட்டது. அதன் சத்தம் இடுகாட்டில் கேட்கிறது என்று பிறகு அவர் எழுதினார். நித்யாவுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. இப்போது அவள் வேறு கம்பெனியில் பெரிய இடத்தில் இருக்கிறாள். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் அரோஹா என்று நிறுத்திப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்ல இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருடம் நான் ரிட்டயர் ஆனேன். பேட்ஜைக் கொடுத்துவிட்டு வந்த வாரமே அரோஹாவுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். வரியை எழுதியது நான், தஙியில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் க்ளோஸ் பண்ணச் சொன்னது நான், திருத்தத்தைத் தள்ளிப்போட்டதும் நான். இதை உங்கள் ஜனத்துக்குக் காட்டுங்கள் என்று எழுதினேன். பெரிய காரியம் செய்துவிட்டதுபோல இருந்தது. நாலு நாளில் பதில் வந்தது.

எங்களிடத்தில் மன்னிப்பு என்பது கடுதாசியில் வராது என்று எழுதியிருந்தார். முகத்துக்கு நேர் முகம். வாசலில் வந்து நில். உன்னை நாங்கள் அழைப்போம். உள்ளே வந்து, எல்லார் முன்னாலும் எழுந்து, உன் ஆற்றின் பெயரைச் சொல்லி, உன் பெயரைச் சொல்லி, அதை எழுதியது நான், இவள் இல்லை என்று சொல். அந்த ஒன்றை உன்னைத் தவிர யாராலும் எனக்காகச் செய்ய முடியாது. எப்போது வருகிறாய்?

அது வந்து நான்கு வருடம் ஆகிறது.

முதல் வருடம் என் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன். உண்மைதான், ஆனால் ஆறு வாரத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருடம் மகளுக்குப் பிரசவம், நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் போய் ஐந்து மாதம் இருந்தேன். அதற்குப் பிறகு ஒரு காரணமும் இல்லை. பாஸ்போர்ட் இருக்கிறது. டல்லாஸிலிருந்து ஒரே ஒரு இடத்தில் விமானம் மாறினால் போதும், பார்த்து வைத்திருக்கிறேன். போய்வா, நானும் வேணா கூட வர்றேன் என்று வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். சர்ச்சில் முழங்கால் போட்டுக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், பல தடவை. அது எனக்குச் சுலபமாக வருகிறது. அந்த வாசலில் நிற்பதை நினைத்தால்தான் டிக்கெட் பக்கத்தை மூடிவிடுகிறேன். அவர்கள் என்னைத் திட்டமாட்டார்கள். மூக்கோடு மூக்கு தொடுவார்கள், சாப்பாடு போடுவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

அரோஹா மறுபடி கேட்கவில்லை. கேட்கமாட்டார். உங்களில் சிலர் இதைப் படித்துவிட்டு, மேடம் எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார் என்று சொல்வீர்கள். சொல்லாதீர்கள். இதை உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு பகல்தான் ஆயிற்று, நடுவில் எழுந்துபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன். ஆனால் நான் சொல்ல வேண்டிய இடம் இது இல்லை, கேட்க வேண்டியவர்கள் நீங்கள் இல்லை. கேட்க வேண்டியவர்கள் அந்த மராயில் இருக்கிறார்கள், அதை எழுதியது அரோஹாதான் என்று இன்னும் நினைத்துக்கொண்டு.